துயரக் காலத்தில் ஓவிய பாணி மாறினால் அது நோயா?

வாசகர் கடிதம்: 52 வயதான ஓவியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எண்ணெய் வண்ணத்தில் தோட்டங்களையும் வெயில் விழும் முற்றங்களையும் மெல்லிய அடுக்குகளாக வரைந்து பெயர் வாங்கியவர். சென்ற ஆண்டு தாயார் இறந்தார். 4 மாதம் கழித்துக் கணவர் பிரிந்துபோனார். விவாகரத்து வழக்கு நடக்கிறது. ஸ்டுடியோ இருந்த வீட்டை விட்டு ஓர் ஒற்றை அறைக்கு வந்துவிட்டார். கட்டிலும் ஈசலும் (கேன்வாஸை நிறுத்தும் தாங்கி) அந்த ஒரே அறையில்தான். இங்கே வந்த பிறகு படங்கள் முற்றிலும் மாறிவிட்டன. கறுப்பு, அடர்பழுப்பு, கத்தியால் அப்பிய தடித்த வண்ணம், சுரண்டி எடுக்கப்பட்ட முகங்கள். தன் பழைய எண்ணெய் ஓவியங்கள் ஒன்பதின் மேல் கறுப்பு அக்ரிலிக் ஜெஸ்ஸோ (நீரில் கலக்கும் அடிப்பூச்சு) பூசி, அவற்றின் மேலேயே புதிதாக வரைந்திருக்கிறார்.

5 மாதத்தில் கண்காட்சி. கேலரிக்கு 18 படங்கள் தர வேண்டும், முன்பணம் வாங்கியாயிற்று, பழைய பாணியில் 7 படங்களே தயார். "இருட்டுப் படங்களை உள்ளே வையுங்கள், இது தானாகச் சரியாகிவிடும்" என்கிறார் கேலரி உரிமையாளர். "அம்மாவுக்கு மனநோய் முற்றிவிட்டது" என்கிறார் மகள். 7 வாரம் முன்பு மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். இனி ஓவியரின் சொற்களிலேயே: "முதலில் மந்தமாக இருந்தது. கடைசி 10 நாளாக 3 மணி நேரம் தூங்கினால் போதும், அலுப்பே தெரியவில்லை. ஒரே வாரத்தில் நான்கு கேன்வாஸ் முடித்தேன். காலையில் தலைபாரம் மட்டும்தான். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன், இல்லாவிட்டால் இந்தப் படங்களை அது கொன்றுவிடும். ஒவ்வொரு கேன்வாஸின் பின்னாலும் அது யாருக்குப் போக வேண்டும் என்று பெயர் எழுதி வைத்துவிட்டேன்." இது நோயா வளர்ச்சியா, மாத்திரையை நிறுத்தலாமா, கண்காட்சிக்கு எதைக் கொடுப்பது என்ற மூன்று கேள்விகள்.

ஆலோசனை: நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை, மன்னியுங்கள். கடிதத்தின் கடைசி வரிதான் எனக்கு முதல் வரி.

கேன்வாஸின் பின்னால் பெயர் எழுதுவது ஒழுங்கான ஓவியர் எவரும் செய்யக்கூடியதுதான். தாயாரின் பொருட்களைப் பிரித்துக் கொடுத்த கை இன்னும் அந்த வேலையை மறந்திருக்காது, அதனால்கூட இருக்கலாம். ஆனால் துக்கமும் பிரிவும் தூக்கமின்மையும் புதிய மாத்திரையும் ஒன்றாக வந்திருக்கும் நேரத்தில் ஒருவர் தன் உடைமைகளைப் பங்கு வைத்தால், எங்கள் மனநல ஆலோசனைத் தொழிலில் சுற்றிவளைக்காமல் கேட்போம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? எப்படி என்பது வரை யோசித்திருக்கிறீர்களா? கேட்பதால் இல்லாத எண்ணம் யாருக்கும் வந்துவிடாது. பதில் ஆம் என்றால் மீதியை அப்புறம் படிக்கலாம். மகளையோ நம்பிக்கையான ஒருவரையோ இப்போதே கூப்பிட்டு உடன் இருக்கச் சொல்லுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பதில் இல்லை என்றாலும், அந்த வரியை உங்கள் மருத்துவரிடம் எழுதியபடியே படித்துக் காட்டுங்கள்.

தூக்கம்தான் அவசரம்

உங்களுக்குக் கறுப்பு பயமாக இருக்கிறது. எனக்கு அந்த 3 மணி நேரத் தூக்கம்தான் பயமாக இருக்கிறது. மனச்சோர்வில் தூக்கம் கெட்டால் மறுநாள் உடம்பு கனக்கும், எழுந்திருக்கவே மனம் வராது. தூக்கமே இல்லை, ஆனாலும் அலுப்பும் இல்லை, வேலை மட்டும் பெருகுகிறது என்றால் அது வேறு விஷயம். மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் சிலருக்கு மனநிலை எதிர்ப்பக்கம் ஏறிவிடும். அதுவரை மறைந்திருந்த, சோர்வும் மிகையான உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாறு அப்போதுதான் வெளியே தெரியும். உங்களுக்கு அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த சந்திப்பு நாள் வரட்டும் என்று காத்திருக்கும் விஷயம் இல்லை இது. இன்றே மருத்துவரை அழையுங்கள்.

அழைக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கடந்த 10 இரவுகளில் ஒவ்வொன்றிலும் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள், பேச்சு வேகமாகிவிட்டது என்று யாராவது சொன்னார்களா, வழக்கத்துக்கு மீறிய செலவு உண்டா, எரிச்சல், சண்டை உண்டா, இதற்கு முன் எப்போதாவது இப்படி ஓரிரு வாரம் இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருவது இந்த நேரத்தில் மிக எளிது. ஏறும் மனநிலையில் இருப்பவருக்கு எல்லாமே நன்றாகத்தான் தெரியும். அதனால் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மாத்திரையை நிறுத்த வேண்டிவரலாம், குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். எதுவானாலும் அவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்னதிர்ச்சி ஓடுவது போன்ற உணர்வு, இன்னும் மோசமான தூக்கமின்மை எல்லாம் வரக்கூடும். அதற்கு மேல், எது நோய், எது மருந்தின் வேலை, எது நிறுத்தியதன் விளைவு என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும்.

முதல் வாரங்களின் அந்த மந்தம் பொய்யில்லை. இத்தகைய மருந்துகளில் சிலருக்கு மகிழ்ச்சியும் துயரமும் சேர்ந்தே மழுங்கும். அழுகை நிற்கும், ஆசையும் நிற்கும். அதையும் புகாராகவே சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பல நேரம் சரிசெய்ய முடியும். மருத்துவரிடம் சொல்லாமல் உங்கள் மனதுக்குள் மட்டும் இதை வாதாடிக்கொண்டிருந்தால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது.

சிகிச்சை படத்தைக் கொன்றுவிடும் என்ற பயம் ஓவியர்களிடம் பழையது. நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க்குக்கும் இருந்தது. 1908இல் மனம் நிலைகுலைந்து கோபன்ஹேகனில் ஒரு மருத்துவரின் சிகிச்சையகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு 1944இல் இறக்கும்வரை விடாமல் வரைந்தார். ஓஸ்லோ பல்கலைக்கழக மண்டபத்தில் சூரியன் எழும் அந்தப் பெரிய படம் சிகிச்சைக்குப் பிந்தியதுதான். அவர் பாணி மாறவில்லையா என்றால், மாறியது, வண்ணம் வெளிச்சமானது. பழைய மூங்க்கே மேல் என்று சொல்லும் விமர்சகர்கள் இன்றும் உண்டு. ஆனால் சிகிச்சை எடுக்காதிருந்தால் அந்தப் பழைய மூங்க் தொடர்ந்திருப்பார் என்று அவர்கள் நினைப்பது எனக்கு விளங்குவதில்லை.

கறுப்பை வைத்து நோயைச் சொல்ல முடியாது

மகளிடம் இதைச் சொல்லுங்கள்: இருட்டான படம் எந்த மனநோய்க்கும் அறிகுறி ஆகாது. மருத்துவர் பார்ப்பது தூக்கம், பசி, எடை, கவனம், குற்ற உணர்வு, எதிலும் நாட்டமின்மை, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றை. அவை பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கின்றனவா என்பதை. மலரும் வெயிலும் வரைந்துகொண்டே கடும் மனச்சோர்வில் மூழ்கியவர்கள் உண்டு. கறுப்பு மட்டும் வரைந்து வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறவர்களும் உண்டு.

நீங்களும் ஒரு சூத்திரத்தை நம்புகிறீர்கள் என்று தோன்றுகிறது. "பிக்காசோவுக்கு நண்பன் செத்ததும் நீலம் வந்தது போல எனக்குக் கறுப்பு வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். தேதிகளைப் பாருங்கள். நண்பர் காசாகேமாஸ் தன்னைச் சுட்டுக்கொண்டது 1901 பிப்ரவரியில். அதே ஆண்டு ஜூனில் பாரிஸில் வொல்லார் கேலரியில் பிக்காசோ வைத்த படங்கள் வண்ணம் கொப்பளிப்பவை. அவர் படங்களில் நீலம் மெல்லத் தலையெடுத்தது அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான். பிறகு 1904 வரை நீடித்தது. துயரம் ஒருநாள் வண்ணக் குழாய்க்குள் நேராக இறங்கிவிடுவதில்லை. நடுவில் வறுமை, இடமாற்றம், பார்த்த மற்றவர் படங்கள், கையில் இருந்த பொருட்கள் என்று எத்தனையோ இருக்கும். உங்கள் நடுவில் என்னென்ன இருக்கின்றன என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அறை என்ன செய்தது?

முதலில் விளக்கு. இரவில் மஞ்சள் பல்பின் கீழ் வரைவதாகச் சொல்கிறீர்கள். வீட்டு மஞ்சள் பல்பு ஏறக்குறைய 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள் கூடும்). அதன் ஒளியில் நீலக்கூறு குறைவு. அதனால் நீலமும் ஊதாவும் கறுப்பை ஒட்டித் தெரியும். வெளிர்மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிடும். இரவெல்லாம் அப்படிப் பார்க்கும் கண், பயன் தராத நீலத்தைப் பேலட்டிலிருந்து (வண்ணம் கலக்கும் பலகை) தானாகவே ஒதுக்கிவிடும். மிஞ்சுவது பழுப்பும் கறுப்பும். 4000 முதல் 5000 கெல்வின் வரையிலான, சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேற்பட்ட எல்இடி விளக்கு இரண்டு வாங்குங்கள். ஒன்று கேன்வாஸுக்கு, மற்றது பேலட்டுக்கு. இரண்டும் ஒரே வகையாக இருப்பது முக்கியம்; இல்லாவிட்டால் கலந்த நிறம் கேன்வாஸில் வேறாகத் தெரியும்.

அடுத்தது தூரம். படத்தின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது பின்னால் போய்ப் பார்த்தால்தான் முழுப்படம் கண்ணில் விழும். ஒற்றை அறையில் பின்னால் கட்டில் இருக்கிறது. எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலிருந்தே பார்ப்பவர் மெல்லிய தொனி வேறுபாடுகளை விட்டுவிட்டு, கிட்டத்தில் தெரியும் தடிப்பையும் கீறலையும் நம்பத் தொடங்குவார். எதிர்ச்சுவரில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டினால் தூரம் ஏறக்குறைய இரட்டிக்கும். கண்ணாடியில் படம் இடம்வலம் மாறித் தெரிவதால் பிழையும் சட்டென்று பிடிபடும்.

கண்களையும் பரிசோதியுங்கள். 52 வயதில் படிக்கும் கண்ணாடியைப் பெரும்பாலும் 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு அளந்து கொடுத்திருப்பார்கள். ஈசல் இருப்பது 60, 70 சென்டிமீட்டரில். நுண்ணிய தூரிகை வேலை மங்கித் தெரிந்தால் கை தானே கத்தியை எடுக்கும். அந்தத் தூரத்தைச் சொல்லியே கண்ணாடி கேளுங்கள். வெள்ளைத் தாளை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணில் தாள் மஞ்சளாகத் தெரிந்தால் கண்புரை தொடங்கியிருக்கலாம். பிரெஞ்சு ஓவியர் மோனேக்குக் கண்புரை என்று 1912இல் சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்கு அவர் சம்மதித்தது 1923இல். இடைப்பட்ட காலத்துப் படங்களில் பல செம்பழுப்பாகக் கனத்திருக்கின்றன. அதில் கலை எவ்வளவு, கண் எவ்வளவு என்று இன்றும் பேசுகிறார்கள்.

காலைத் தலைபாரம் துக்கத்தால் மட்டும் வந்திருக்க வேண்டியதில்லை. டர்பன்டைன் திறந்திருக்கும் மூடிய அறையில் படுத்தால் தலைவலி, மயக்கம், எரிச்சல் எல்லாம் வரும். மனச்சோர்வின் அறிகுறியோடு எளிதில் குழம்பும். இன்றிரவிலிருந்தே டர்பன்டைன் அந்த அறையில் வேண்டாம். தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு ஆளிவிதை எண்ணெயில் அலசி, பிறகு சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவலாம். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு கிளம்பும். குவியலுக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய உலோக டப்பாவில் போட்டு மூடுங்கள். கட்டிலுக்கு ஆறடியில் அந்தக் குவியல் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கே தூக்கம் வராது.

இவ்வளவும் சொன்னது உங்கள் மாற்றத்தைச் சின்னதாக்க இல்லை. 1941இல் வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸால் முன்போல நெடுநேரம் நின்று வரைய முடியவில்லை. கத்தரிக்கோலும் வண்ணத்தாளும் அவருடைய கடைசிக் காலத்தின் முதன்மைக் கருவிகளாயின. உடம்பு கொடுத்த கட்டாயம்தான், ஆனாலும் அது மத்தீஸ். உங்களுடையதில் எது கட்டாயம், எது உங்கள் தேர்வு என்று தெரிந்தால் நாளைக்கு அறை மாறும்போது தடுமாற மாட்டீர்கள்.

தூக்கம் சீரானதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். 20க்கு 25 சென்டிமீட்டரில் மூன்று சிறு பலகைகள். ஒரே பொருள், ஒரே வண்ணங்கள், கத்தியும் தூரிகையும் இரண்டும் கைக்கருகில். ஒன்றை நண்பகலில் ஜன்னலருகே, ஒன்றைப் பழைய மஞ்சள் பல்பில், ஒன்றைப் புது விளக்கில் வரையுங்கள். மூன்றையும் மறுநாள் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நண்பகல் பலகையிலும் கை கறுப்பைத் தேடிப் போயிருந்தால், அந்தக் கறுப்பு உங்களுடையது.

அந்த ஒன்பது கேன்வாஸ்கள்

இங்கே ஒரு கெட்ட செய்தி. அக்ரிலிக் பூச்சின் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும். எண்ணெய் ஓவியத்தின் மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ நிற்காது. உலர்ந்த எண்ணெய்ப் பரப்பு நீரில் கரைந்த பூச்சை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதில்லை. சில மாதம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஈரப்பத மாற்றத்திலோ, கேன்வாஸைக் கழற்றி மாட்டும்போதோ மேல்படம் தகடு தகடாகக் கிளம்பும். அந்த ஒன்பதை விற்காதீர்கள், கண்காட்சிக்கும் கொடுக்காதீர்கள். அடியிலுள்ள படத்தை மீட்கிறேன் என்று ஸ்பிரிட்டோ அசிட்டோனோ தொட்டுத் தேய்க்கவும் வேண்டாம். ஜெஸ்ஸோ இளகும்போது அடியிலுள்ள எண்ணெய் வண்ணமும் கெடலாம். ஓவியப் பாதுகாப்பு நிபுணரிடம் காட்டும்வரை நிமிர்த்தி, ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள்.

இதில் வழக்கும் இருக்கிறது. திருமண வாழ்க்கையின்போது வரைந்து விற்காமல் இருக்கும் படங்களையும் பிரிக்க வேண்டிய சொத்தாகக் கணக்கிடும் நாடுகள் பல. வழக்கு நடக்கும்போது அவற்றை அழிப்பதும் மேலே பூசுவதும் பரிசாகக் கொடுப்பதும் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். பின்பக்கத்துப் பெயர்களும் அப்படியே. உங்கள் வழக்கறிஞரிடம் ஒன்பதைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். மீதியுள்ள பழைய படங்களை முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்து, அளவும் ஆண்டும் எழுதிப் பட்டியல் போட்டு, முடிந்தால் வேறொருவர் வீட்டில் வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு அவை கைக்கு எட்டக் கூடாது.

கேலரிக்கு என்ன சொல்வது?

"தானாகச் சரியாகிவிடும்" என்பதை நான் ஏற்கவில்லை. "இதுதான் இனி நான்" என்று நீங்கள் எழுதியிருப்பதையும் இப்போதைக்கு ஏற்கவில்லை. இரண்டையும் முடிவு செய்ய இன்னும் நாள் ஆகவில்லை.

மிச்சம் 11 படங்களைப் பழைய பாணியில் வலிந்து வரைந்து தருவது ஒரு வழி. முன்பணம் காப்பாற்றப்படும். ஆனால் தன் கையெழுத்தையே பார்த்து எழுதுவது போல அவை உயிரற்று வரும், வாங்கியவர்களுக்கும் தெரிந்துவிடும். புதியவற்றையே கொடுப்பது இன்னொரு வழி. ஒப்பந்தத்தில் படங்களின் தன்மை பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அது மீறலாகும். அதைவிட, படங்களே தயாராக இல்லை. எலும்புக்கறுப்பு (எலும்பைக் கரியாக்கிச் செய்யும் கறுப்பு நிறமி) எண்ணெயை நிறையக் குடிக்கும், மிக மெதுவாக உலரும். 3, 4 மில்லிமீட்டர் தடிப்பில் அப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே மாதக்கணக்கில் உலராமலே இருக்கும். இருட்டறையில் இன்னும் தாமதம். அதன் மேல் வேகமாக உலரும் வண்ணத்தைப் போட்டால் வெடிப்பு விழும். தடிப்பு விளிம்பில் ஓர் ஊசியை மெல்லச் செருகிப் பாருங்கள். நுனியில் வண்ணம் ஒட்டினால் அந்தப் படம் பெட்டிக்குள் போகத் தகுதியில்லை. இனி வரைபவற்றில் அடி அடுக்கை அம்பர் (umber எனும் பழுப்பு மண் நிறமி) கலந்து மெல்லிசாகப் போடுங்கள். அம்பரில் உள்ள மாங்கனீசு உலர்வதை விரைவுபடுத்தும். கறுப்பை ஒரே மூச்சில் அப்பாமல், உலரவிட்டு மெல்ல மெல்ல ஏற்றுங்கள்.

நான் சொல்வது மூன்றாவது வழி: தேதியைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். ஸ்பெயின் ஓவியர் கோயாவின் கணக்கு உங்களுக்கு உதவும். 1793இல் கடும் நோயில் அவர் செவித்திறனை இழந்தார். 1794 ஜனவரியில் தகரத்தகட்டில் வரைந்த சிறு படங்களைத் தலைநகரின் கலைக்கழகத்துக்கு அனுப்பினார். யாரும் கேட்டுச் செய்த வேலை இல்லை, அவர் விருப்பத்துக்குச் செய்தவை. அதே ஆண்டுகளில் கேட்டவர்களுக்கு உருவப்படங்களும் வரைந்தார், 1799இல் அரசவையின் முதன்மை ஓவியரும் ஆனார். இரண்டு தடங்களும் பல்லாண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அமெரிக்க ஓவியர் பிலிப் கஸ்டன் தன் அரூப ஓவியத்தை விட்டு உருவங்களுக்குத் திரும்பிய பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டு வரைந்து குவித்து, 1970இல்தான் நியூயார்க்கில் காட்டினார். அப்படியும் விமர்சகர்கள் கிழித்தார்கள். ஆனால் அதற்குள் அவரிடம் பின்வாங்க முடியாத அளவு படங்கள் இருந்தன. உங்களிடம் இருப்பது ஒரு வாரத்து வேகமும் இன்னும் உலராத சில கேன்வாஸ்களும்.

கேலரிக்கு எழுதும்போது நோய், விவாகரத்து எதையும் விளக்க வேண்டாம். தயாராக இருக்கும் 7 படங்களையும் உடனே தரலாம் என்று சொல்லுங்கள். மீதிக்கு 6 முதல் 9 மாத அவகாசம் கேளுங்கள். புதிய படங்கள் தடித்த எண்ணெய் வண்ணம் என்பதால் உலராமல் அனுப்ப இயலாது, உலர்ந்ததும் நேரில் வந்து பார்த்துக் கண்காட்சியில் இடம் உண்டா என்று அவரே முடிவு செய்யட்டும் என்று எழுதுங்கள். அத்தனையும் உண்மை. முன்பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரத் தயார் என்று முதல் கடிதத்திலேயே சொல்லிவிடாதீர்கள்; அவர் மறுத்தால் பேச ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் வழக்கறிஞர் ஒப்பந்தத்தை ஒருமுறை பார்க்கட்டும். கடிதத்தைப் பகலில் எழுதுங்கள், மகள் படித்த பிறகு அனுப்புங்கள். ஆனால் மருத்துவரை அழைப்பது அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கு.